நூற்றிரண்டு

முகக்கவசத்துக்குள் கடி தொடங்கினால்
சொறிய முடியாது.
கண்ணிவெடிப் பாதையில் முழங்காலில் இருக்கையில்
கை மண்ணில், கண் மண்ணில்,
மூக்குநுனி உன்னுடையதில்லை.

கொக்காவில் காட்டோரம், பத்தேகால் மணி.
தேநீர் இடைவேளை முடிந்து கால்மணி நேரம்.
முதலில் உதடு. உள்ளிருந்து யாரோ ஊதுகிற மாதிரி.
பிறகு நெஞ்சுக் கவசத்துக்குக் கீழே
தடிப்புத் தடிப்பாய்.
கை உயர்த்தினேன். வேலை நின்றது.
வந்த அடியிலேயே கால் வைத்து
பின்பக்கமாய் வெளியே வந்தேன்.

மயிர்க்கொட்டி, என்றாள் சுகிர்தா.
கிரந்தி, என்றா சமைக்க வரும் பூவழகி அக்கா.
கத்தரிக்காயை விடு, இறாலை விடு, தக்காளியையும் விடு.
விட்டேன்.
மூன்று கிழமை பருப்பும் சோறும்.
நான்காம் கிழமையும் பத்தேகாலுக்கு வந்தது,
மல்லாவி பஸ்ஸைவிட ஒழுங்காக.

ஆஸ்பத்திரியில் மஞ்சள் குளிசை தந்தார்கள்.
போட்டேன். நித்திரை வந்தது.
விடிய எழும்பினால்
கழுத்தில் புதிதாய் இரண்டு.

அப்போதுதான் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது.
தெரியாத நிலத்துக்குக் கயிறு கட்டு.
ஒரு மீற்றர் அகலம். ஓரத்திலிருந்து தொடங்கு.

நாற்பது பக்கக் கொப்பி, அட்டையில் மயில்.
வாயில் போனதெல்லாம், மணியோடு.
ஞாயிறு, வீடு: இல்லை.
திங்கள்: கடி.
செவ்வாய்: கடி, இமையிலும்.
புதன் போயா: இல்லை.
வியாழன், வெறும் தண்ணீர்: இல்லை.
வெள்ளி, சரியான தாகம், இரண்டு கோப்பை.
அந்த வரியின் எழுத்து கோணல்.
விரல் வீங்கியிருந்தது.

வெயிலுக்கென்று வேலைத்தளத்தில் கரைத்துத் தரும்
தோடம்பழத் தூள்.
தோடம்பழம் அதற்குள் இல்லை.
பெட்டியின் அடியில், எறும்பு எழுத்தில்:
அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி, 102.
யாரைக் கேட்டு அனுமதித்தார்களோ,
என் தோலைக் கேட்கவில்லை.

கொப்பியோடு போனேன்.
டொக்டர் நிரோஷா அரைகுறைத் தமிழில்
ஒவ்வொரு வரியாய் விரல் வைத்து வாசித்தா.
பிறகு என் குளிசைப் பக்கற்றை வெளிச்சத்தில் பிடித்து
"அய்யோ, இதுவும் மஞ்சள்" என்றா.
இருவரும் சிரித்தோம்; எனக்குத்தான் உதடு நொந்தது.
வெள்ளைக் குளிசை எழுதித் தந்தா.
எந்த மருந்து வாங்கினாலும் நிறம் கேள்.
மூச்சு இறுகினால் வீட்டில் நிற்காதே,
நடுச்சாமம் என்றாலும் வா.

மாங்குளம் சந்திக் கடையில் இப்போது
எனக்குப் பெயர் "பெட்டி வாசிக்கிற பிள்ளை".
மிக்சர், பூந்தி, ஐஸ்பழம், சூப் தூள்,
கலியாண வீட்டு மஞ்சள் சோறு.
மஞ்சள்தானே பிள்ளை, அது மருந்தெல்லோ, என்கிறார்கள்.
மஞ்சளோடு எனக்கென்ன பகை?
மீனுக்குப் பூசுகிறேன், காயத்துக்கு வைக்கிறேன்.
மஞ்சளாய் நடிப்பதோடுதான் பிரச்சினை.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.
பந்திக்குப் பந்தி
அந்தச் சொல்லில் மாட்டுப்படுகிறேன்.

மச்சாளின் கலியாணத்தில்
என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது
மாமி முகத்தைத் திருப்பினா.
பேந்து அவவே, கையில் ஒரு கிண்ணம்,
"இதுக்கு நான் ஒண்டும் போடேல்லை"
என்று வைத்துவிட்டுப் போனா. வெள்ளைப் புட்டு.
மகன் மட்டும் பிறந்தநாளுக்கு அழுதான்,
வெள்ளைக் கேக் செத்த வீட்டுக்கோ என்று.
பீற்றூட் அவித்துப் பிழிந்தேன்.
வந்த நிறத்துக்கு அவனிடம் பெயரில்லை,
மூன்று துண்டு தின்றான்.

நேற்று, வலப்பக்க ஓரத்தில், கருவி கத்தியது.
குந்தி, சுரண்டி, ஊதி,
ஒரு விரலளவு ஆழத்தில் எடுத்தேன்:
சோடாப் போத்தல் மூடி.
எந்த வருடத்து இடப்பெயர்வில்
எந்தப் பிள்ளை குடித்ததோ.
துருவுக்குள்ளும் அந்த மஞ்சள் அழியவில்லை.

படிவத்தில் இரண்டே கூடு.
"தீங்கற்ற உலோகம்" என்பதில்
சரி போட்டேன்.
வேறு எதில் போடுவது.